அப்பாவின் விவாகரத்தான முதல் மனைவி குடும்ப பென்ஷனில் பாதி கேட்கிறார். கிடைக்குமா?

பொன்மலைப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான விவகாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ரயில்வே பணிமனையில் டெக்னீஷியனாக இருந்து 2008-ல் ரிட்டயர் ஆனவர். போன மாதம் 77 வயதில் காலமானார். அம்மா அவருக்கு இரண்டாவது மனைவி. முதல் கல்யாணம் 1976-ல் நடந்து, 1985-ல் கோர்ட்டில் இருவர் சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆனது. அம்மாவைக் கட்டியது 1987-ல். நானும் தம்பியும் அம்மாவுக்குப் பிறந்தவர்கள்.

காரியம் முடிந்த வாரத்திலேயே முதல் மனைவியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். "சட்டப்படியான முதல் மனைவி என்ற முறையில் குடும்ப ஓய்வூதியத்தில் சரிபாதி" வேண்டுமாம். பென்ஷன் வரும் பேங்குக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) அம்மா பெயர்தான் இருக்கிறது, அப்பாவோடு சேர்ந்து எடுத்த போட்டோவும் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் பேங்கில், "ஆட்சேபம் வந்திருப்பதால் ரயில்வேயிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்போம்" என்கிறார்கள். விவாகரத்துத் தீர்ப்பின் ஜெராக்ஸ் மட்டும் வீட்டில் இருக்கிறது, அதிலும் கடைசிப் பக்கம் மங்கிப் போயிருக்கிறது.

அம்மாவுக்கு இந்த பென்ஷனை விட்டால் வேறு வருமானம் இல்லை. அந்தப் பெரியம்மாவுக்கு உரிமை உண்டா?

உறையூர்_ரவி

விவாகரத்து ஆனவருக்கு ஒரு பைசா கிடையாது. நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள்.

பழைய_செட்டில்மென்ட்

கிழிக்காதீர்கள். பதில் அனுப்பாத நோட்டீஸ் பின்னால் கோர்ட்டில் வந்து நிற்கும்.

நான் ரயில்வேயில் ஓய்வூதியக் கணக்கு முடிக்கும் செட்டில்மென்ட் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி ஃபைல்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

குடும்ப பென்ஷன் யாருக்கு என்பதை ரயில்வே சேவை ஓய்வூதிய விதிகள் 1993, அதில் 75-வது விதி தீர்மானிக்கிறது. மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்பு 1972 விதிகளில் 54, இப்போது 2021 விதிகளில் 50. வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். மனைவி என்றால் இறந்த நாளில் மனைவியாக இருந்தவர். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபிறகு அவர் அந்த வார்த்தைக்குள் வரமாட்டார். முதலில் கட்டியவர், ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியவர் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது.

ஆனால் ஒன்று. கோர்ட் விவாகரத்து வேறு, 'ஜுடிஷியல் செபரேஷன்' என்று பிரிந்து வாழச் சொல்லும் தீர்ப்பு வேறு. இரண்டாவதில் கல்யாணம் அப்படியே இருக்கிறது, மனைவிக்கு பென்ஷன் உரிமையும் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய பேப்பரைப் பலர் வீட்டில் 'டைவர்ஸ்' என்று சொல்லி வைத்திருப்பார்கள், எடுத்துப் பார்த்தால் அது செபரேஷனாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த 'விடுதலை' என்றால் இன்னும் மோசம். உங்களுடையது எது என்று அந்த ஜெராக்ஸை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

பொன்மலைப்பெண்

படித்தேன் ஐயா. "திருமணம் கலைக்கப்படுகிறது" என்று தெளிவாக இருக்கிறது. திருச்சி சார்பு நீதிமன்றம், இந்து திருமணச் சட்டம் 13-பி. தேதியும் வழக்கு எண்ணும் முதல் பக்கத்தில் தெரிகின்றன.

கறுப்பு_அங்கி

வழக்கு எண் இருக்கிறதா, பாதிக் கவலை விட்டது. அந்த கோர்ட்டில் நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்குங்கள். பழைய கட்டு ரெக்கார்டு ரூமில் இருக்கும், தேட நாளாகும், அதனால் இன்றைக்கே போடுங்கள். பேங்குக்கும் ரயில்வேக்கும் ஜெராக்ஸைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சீல் போட்ட நகலைப் பார்த்தால்தான் அங்கே ஃபைல் நகரும்.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பு 1985, இரண்டாவது கல்யாணம் 1987. இது நேர்மாறாக இருந்திருந்தால் உங்கள் அம்மாவின் கல்யாணமே 5-வது, 11-வது பிரிவுகளின்படி செல்லாது, பென்ஷன் முழுக்க முதல் மனைவிக்குப் போயிருக்கும். 2000-ல் ராமேஸ்வரி தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைத்தான் சொன்னது. முதல் மனைவி இருக்கும்போது கட்டிய இரண்டாமவருக்கு எதுவும் இல்லை, ஆனால் அவருக்குப் பிறந்த மைனர் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்று. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்காரன்

உயில் இருந்தால்? உங்கள் அப்பா முதல் மனைவிக்கு பாதி என்று எழுதி வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? நாமினேஷனில் யார் பெயர் என்று பார்த்தீர்களா?

கறுப்பு_அங்கி

எழுதியிருந்தாலும் செல்லாது. வயலட் ஐசக் வழக்கு, 1991, சுப்ரீம் கோர்ட். அதுவும் ரயில்வே ஊழியர் விவகாரம்தான். அவர் தம்பி பேரில் நாமினேஷனும் உயிலும் எழுதிவிட்டுப் போய்விட்டார். குடும்ப பென்ஷன் இறந்தவரின் சொத்தே அல்ல, அவர் கையில் ஒருநாளும் இல்லாத பணத்தை அவர் உயில் எழுத முடியாது, விதியில் சொன்னவருக்குத்தான் போகும் என்று தீர்ப்பு.

1999-ல் பாட்டியா வழக்கு இன்னும் சுவாரசியம். மனைவி அரசு ஊழியர், கணவரோடு வாழவில்லை, நாமினேஷனில் அவரை ஒதுக்கிவிட்டு வேறு பெயர் கொடுத்திருந்தார். விவாகரத்தும் இல்லை, செபரேஷனும் இல்லை என்பதால் பென்ஷன் அந்தக் கணவருக்கே போயிற்று. எத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் சரி, பேப்பரில் கல்யாணம் உயிரோடு இருந்தால் பென்ஷனும் உயிரோடு இருக்கும்.

நியூஜெர்சி_தமிழன்

இங்கே வேறு மாதிரி. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியில் பத்து வருடம் கல்யாண வாழ்க்கை இருந்து விவாகரத்தானவர், முன்னாள் கணவர் இறந்தபின் 60 வயதிலிருந்து பணம் வாங்கலாம். அதனால் இப்போதைய மனைவிக்கு வரும் தொகை குறையாது. இரண்டு பேரும் வாங்குவார்கள், சண்டையே வராது.

உறையூர்_ரவி

அங்கே குறையாது சார், சரி. இங்கே ஒரே அப்பத்தைத்தான் பிட்டுக்கொள்ள வேண்டும். இழையைத் திசை திருப்ப வேண்டாம்.

தனிக்குடித்தனம்

நானும் விவாகரத்தானவள், அதனால் ஒரு வார்த்தை. சட்டம் என்ன சொல்கிறதோ அது சரி. ஆனால் மேலே சில பதில்களில் 'கிழித்துப் போடு', 'ஒரு பைசா கிடையாது' என்ற தொனி இருக்கிறதே, அது தேவையில்லை. 76-ல் கல்யாணம் பண்ணி 85-ல் வெளியே வந்த பெண்ணுக்கு இன்றைக்கு எழுபது வயதாவது இருக்கும். வேலை இருந்ததா, ஜீவனாம்சம் வந்ததா, யாருக்குத் தெரியும்? ஒரு வக்கீல் "கேட்டுப் பார்ப்போம்" என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு நோட்டீஸ் அடித்திருப்பார். அந்தம்மா எதற்காக இப்போது கேட்கிறார் என்று யாராவது விசாரித்தீர்களா?

பழைய_செட்டில்மென்ட்

தனிக்குடித்தனம் அம்மா கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். பொன்மலைப்பெண், அந்த முதல் கல்யாணத்தில் பிள்ளை உண்டா? இருந்தால் வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா?

பொன்மலைப்பெண்

ஒரு அக்கா இருக்கிறார். 78-ல் பிறந்தவர். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு கொஞ்சம்தான் வரும், தானாகக் குளிக்கக்கூட முடியாது. அந்தப் பெரியம்மாதான் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அப்பா மாதாமாதம் ஏதோ அனுப்புவார் என்று அம்மாவுக்குத் தெரியும், எவ்வளவு என்று கேட்டதில்லை. நான் அக்காவைப் பார்த்தது சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில்.

ஏன் கேட்கிறீர்கள்?

பழைய_செட்டில்மென்ட்

விவகாரமே அங்கேதான் இருக்கிறது, அதனால்.

விதியில் ஒரு சின்னப் பத்தி உண்டு. ஊழியருக்கு இப்போது ஒரு விதவை இருக்கிறார், விவாகரத்தான மனைவிக்குப் பிறந்த தகுதியுள்ள பிள்ளையும் இருக்கிறது என்றால், விவாகரத்து ஆகாமல் இருந்தால் அந்தத் தாய்க்கு என்ன பங்கு கிடைத்திருக்குமோ அந்தப் பங்கு அந்தப் பிள்ளைக்கு. தாய்க்கு இல்லை, பிள்ளைக்கு. சாதாரணமாக 25 வயது தாண்டிய பிள்ளையோ கல்யாணம் ஆன பிள்ளையோ இதில் வராது, அதனால் பல குடும்பங்களில் இந்தப் பத்தியைப் பார்க்கவே தேவை இருக்காது. ஆனால் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்கு மன வளர்ச்சிக் குறைபாடோ உடல் ஊனமோ உள்ள பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. ஆயுள் முழுக்க.

அந்தம்மாவின் வக்கீல் கேட்டது 'முதல் மனைவிக்குப் பாதி'. அது தவறான கேள்வி. கேட்டிருக்க வேண்டியது 'மகளுக்குப் பாதி'. நாளைக்கு விவரம் தெரிந்த யாராவது அவருக்கு எடுத்துச் சொன்னால் நோட்டீஸ் மாறி வரும்.

உறையூர்_ரவி

ஐயா, அதை ஏன் இங்கே போட்டு உடைக்கிறீர்கள்? அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை நாமாகப் போய்க் கொடுக்க வேண்டுமா? தங்கச்சி, அம்மா பேரில் விண்ணப்பத்தைக் கொடுங்கள், விவாகரத்து நகலை இணையுங்கள், முடிந்தது. பிறகு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_செட்டில்மென்ட்

ரவி தம்பி, நானும் ஃபைலை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன், சொல்கிறேன் கேளுங்கள். ஆட்சேபம் வந்த கேஸில் பேங்க் ரயில்வேக்கு எழுதும். ரயில்வேயில் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டரை அனுப்புவார்கள். அவர் உங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டார், நோட்டீஸ் அனுப்பியவர் வீட்டுக்கும் போவார். போனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பார், "இவர் யார்" என்று கேட்பார். அவர் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் வராமல் இருக்குமா?

அது மட்டுமில்லை. ஊழியர் குடும்ப விவரம் எழுதிக்கொடுத்த படிவம் சர்வீஸ் ஃபைலில் இருக்கும். 85-க்கு முன் அப்பா எழுதிக்கொடுத்ததில் அந்தப் பெண்ணின் பெயர் கட்டாயம் இருக்கும், குடும்பத்துக்கு ரயில் பயண பாஸ் வாங்கியிருப்பார் அல்லவா. அம்மா "வேறு தகுதியுள்ள வாரிசு இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு முழுத் தொகையும் வாங்கினால், தெரிந்த அன்றைக்கு அதிகமாக வாங்கியதைப் பிடிப்பார்கள். எழுபதை நெருங்கும் வயதில் அம்மாவுக்கு மாதாமாதம் பிடித்தம். அந்தத் தலைவலி தேவையா?

பொன்மலைப்பெண்

கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தொகை எவ்வளவு வரும் என்று யாராவது சொல்ல முடியுமா? அப்பாவின் அடிப்படை பென்ஷன் 18,500.

கறுப்பு_அங்கி

அடிப்படை பென்ஷன் 18,500 என்றால், அது சம்பளத்தில் பாதி என்பதால், கடைசிச் சம்பளக் கணக்கு 37,000. குடும்ப பென்ஷன் அதில் 30 சதவீதம், 11,100. அதன்மேல் அகவிலைப்படி. இறந்தபோது 67 வயதைத் தாண்டிவிட்டதால் 50 சதவீத உயர்த்தப்பட்ட விகிதம் உங்களுக்கு வராது. இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்கு 5,550, அதற்குரிய அகவிலைப்படி தனி.

பொன்மலைப்பெண்

5,550. அம்மாவின் மாத்திரைச் செலவு மட்டும் அதில் பாதிக்கு மேல் போகும்.

பழைய_செட்டில்மென்ட்

மருத்துவம் பென்ஷனோடு சேர்ந்தது இல்லை அம்மா. அப்பா ஓய்வுபெற்றபோது மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அம்மாவுக்கு உமீத் அட்டையில் (ரயில்வே மருத்துவ அடையாள அட்டை) ரயில்வே ஆஸ்பத்திரி தொடரும். விதவை பாஸும் அவருக்குத்தான். இவற்றில் விவாகரத்தான மனைவிக்கு ஒன்றும் கிடையாது, பங்கும் பிரியாது. மாத்திரையை வெளியில் வாங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று. பங்கு பிரிந்தபின் ஒருவர் காலமானால் அந்தப் பாதி அரசுக்குத் திரும்பிப் போகாது, மிச்சமிருப்பவருக்குச் சேரும். உங்களுக்கும் தம்பிக்கும் வயதும் கல்யாணமும் ஆகிவிட்டதால் நீங்கள் வரிசையில் இல்லை. ஆக அம்மாவுக்குப் பிறகு முழுத் தொகையும் அந்த அக்காவுக்கே.

ஸ்ரீரங்கத்துக்காரன்

அப்படியென்றால் சுற்றி வளைத்து அந்தப் பெரியம்மா கைக்குத்தானே பணம் போகிறது? விவாகரத்து செய்து என்ன பிரயோசனம்?

தனிக்குடித்தனம்

நாற்பத்தேழு வருடமாகக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்க்கிறவர் கைக்குப் போகிறது. வேறு யார் கைக்குப் போக வேண்டும் என்கிறீர்கள்?

கறுப்பு_அங்கி

சட்டப்படி அது கார்டியனாக வாங்குவது, தன் பணமாக அல்ல. மன வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999-ன் கீழ் கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. அந்தச் சான்று பென்ஷனுக்கு ஏற்கத்தக்கது. அதோடு சம்பாதிக்க இயலாது என்று மருத்துவக் குழு தரும் சான்று வேண்டும். நிரந்தரக் குறைபாடு என்று எழுதினால் ஒருமுறை போதும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அலைய வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் உதவியாக இருக்கும், ஆனால் அது மட்டும் போதாது. அந்த அக்காவுக்கு வேறு வருமானம் இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 2021-லிருந்து அந்த வரம்பு அந்தக் குடும்ப பென்ஷன் தொகைதான், அதாவது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும். அதற்குக் கீழே இருந்தால் தகுதி உண்டு.

அப்பா உயிரோடு இருக்கும்போதே இந்த மகளின் பெயரை பி.பி.ஓ.வில் சேர்த்திருக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பென்ஷன் வாங்குகிறவர் நடமாடும்போதே செய்துவிடுங்கள்.

நோட்டீஸில் ஜீவனாம்சம் பற்றி ஏதாவது இருக்கிறதா?

பொன்மலைப்பெண்

இருக்கிறது. தீர்ப்பில் பெரியம்மாவுக்கு ஒரே தடவையாக ஒரு தொகை, அக்காவுக்கு மாதம் 150 ரூபாய் என்று உள்ளது. "ஜீவனாம்ச உரிமையின் தொடர்ச்சியாக பென்ஷன்" என்று எழுதியிருக்கிறார்கள்.

கறுப்பு_அங்கி

ஜீவனாம்சத்தைக் காட்டி குடும்ப பென்ஷனைத் தொட முடியாது, மேலே சொன்னேனே, அது அவர் சொத்தில்லை. வீடு, பேங்க் டெபாசிட் போன்றவை வேறு. விவாகரத்தான மனைவிக்கு கோர்ட் கொடுத்த ஜீவனாம்ச ஆணையை இறந்தவரின் சொத்தின் மீது நிறைவேற்றலாம் என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அது சிறப்புத் திருமணச் சட்டத்தில் வந்த வழக்கு. உங்கள் பெரியம்மா மொத்தமாக வாங்கிவிட்டதால் அவர் அளவில் அது முடிந்துபோனது.

ஆனால் வீடு அப்பா பேரில் இருந்து, உயிலும் இல்லை என்றால் அக்கா முதல் வகுப்பு வாரிசு. அம்மா, நீங்கள், தம்பி, அக்கா என்று நான்கு சம பங்கு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடும்போது அவர் பெயரை விட்டால் வி.ஏ.ஓ. விசாரணையில் மாட்டும். பெரியம்மா பெயர் அதில் வராது.

உறையூர்_ரவி

ஒரு நோட்டீஸுக்குப் பதில் கேட்டு வந்த பொண்ணுக்கு வீட்டிலும் கால் பங்கைக் கழித்துவிட்டீர்கள். நல்ல குழுமம்!

பழைய_செட்டில்மென்ட்

நாங்கள் கழிக்கவில்லை தம்பி. அது 78-லேயே பிறந்துவிட்டது.

பொன்மலைப்பெண்

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "அவ கேட்டா குடுக்கமாட்டேன்" என்றார். அப்புறம் ராத்திரி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டு மணியார்டர் ரசீது எடுத்து வைத்தார். எல்லாம் அக்கா பேருக்கு. பழையவை 150, பிறகு 500, கடைசியாக இருந்தவை 2,000. "இதை நிறுத்தினா அவர் என்னை விடமாட்டார்" என்று மட்டும் சொன்னார். தம்பிக்கு இன்னும் மனசு ஆறவில்லை, வீட்டு விஷயத்தில் பேச மாட்டேன் என்கிறான். அது வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நகல் மனு போட்டாயிற்று. நோட்டீஸுக்கு எங்கள் வக்கீல் மூலம் பதில் அனுப்பினோம். பெரியம்மாவுக்கு உரிமை இல்லை, மகளின் பங்குக்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று. போன வாரம் பெரியம்மாவே போன் செய்தார். மருத்துவக் குழு சான்றுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது, நான் வண்டி பிடித்துக் கூட வருகிறேன் என்றேன்.

ஒரு சந்தேகம் மட்டும். அக்காவின் சான்று வர மாதக்கணக்கில் ஆனால், அதுவரை அம்மாவுக்கும் பென்ஷன் நிற்குமா?

பழைய_செட்டில்மென்ட்

நிற்க வேண்டியதில்லை. அம்மாவின் விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள்: இறப்புச் சான்று, பி.பி.ஓ. நகல், அம்மாவின் வயதுச் சான்று, அதிகம் வந்தால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழி. கூடவே வெள்ளைத்தாளில் ஒரு கடிதம். விவாகரத்தான மனைவியின் மகள் ஒருவர் இருக்கிறார், அவருடைய பங்குக்கான மனு தனியாக வரும், என் பங்கைத் தொடங்கித் தரவும் என்று. இதை பேங்குக்கு மட்டும் கொடுத்தால் போதாது, பி.பி.ஓ.வைப் போட்டுக்கொடுத்த ரயில்வே அலுவலகத்துக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பங்கைப் பிரித்துத் திருத்திய ஆணை போடுவது அவர்கள்தான், பேங்க் இல்லை.

அப்பா இறந்த நாள்வரை உள்ள பென்ஷன் அவர் கணக்கில் சேர வேண்டிய நிலுவை, அது வேறு மனு. குடும்ப பென்ஷன் மறுநாளிலிருந்து. அப்பாவும் அம்மாவும் ஜாயிண்ட் அக்கவுண்ட் வைத்திருந்தார்களா? இருந்தால் புதுக் கணக்கு திறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதே கணக்கில் தொடரலாம்.

பொன்மலைப்பெண்

ஜாயிண்ட்தான் ஐயா. நாளைக்கே போகிறேன்.